உஷார்! மெஷின் காயவைக்கும், கிருமியைக் கொல்லாது

‘அடுப்பே வேண்டாம், சத்து அப்படியே இருக்கும்’ என்ற பேச்சைக் கேட்டு டீஹைட்ரேட்டர் என்ற உலர்த்தும் மெஷின் வாங்கியிருக்கிறீர்களா? கல்வராயன் மலைச் சாமை, தினை, தேன், முளைகட்டிய கேழ்வரகு, நிலக்கடலை எல்லாவற்றையும் பச்சையாக அரைத்து, தட்டில் பரப்பி, ‘ஹெல்த் பார்’ செய்கிறீர்களா? பிள்ளையின் டிபன் பாக்ஸில் வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பச்சை பார் செய்கிறவர்கள் மெஷினில் வைக்கும் சூடு 46 டிகிரி செல்சியஸ் அளவுதான். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை உணவுக்கு ஆபத்தான எல்லை. ஈர மாவு 12 மணி நேரத்துக்கும் மேல் அந்த எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. டயல் காட்டுவது காற்றின் சூட்டை. ஈரம் ஆவியாகும் வரை மாவின் சூடு அதைவிடக் குறைவு. நடுராத்திரியில் கரண்ட் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

‘காய்ந்த பிறகு கிருமி எப்படிப் பிழைக்கும்?’ என்பீர்கள். பிழைக்கும். சால்மோனெல்லா என்ற கிருமி காய்ந்த தின்பண்டத்தில் பெருகாதே தவிர, மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்த நிலையில் சூட்டைத் தாங்கும் சக்தியும் அதற்குக் கூடுகிறது. அதனால், கடைசியில் கொஞ்சம் சூடு காட்டிவிடலாம் என்ற கணக்கும் தப்பு. அமெரிக்காவில் 2008–09-ல் ஒரே கம்பெனியின் நிலக்கடலைப் பொருட்களால் 714 பேருக்கு சால்மோனெல்லா தாக்கி, 9 பேர் இறந்தார்கள். திரும்பப் பெறப்பட்ட பண்டங்களில் ஸ்நாக்ஸ் பார்களும் இருந்தன. வறுக்கும் ஆலையிலிருந்து வந்த கடலைக்கே அந்தக் கதி!

எதெதில் ஆபத்து?

முளைகட்டிய தானியம்: ஈரமும் வெதுவெதுப்பும் விதைக்கு மட்டுமல்ல, கிருமிக்கும் உரம். 2011-ல் ஜெர்மனியை உலுக்கிய ஈ.கோலை தொற்றில் ஏறத்தாழ 4,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை போய் நின்ற இடம், முளைகட்டிய வெந்தயம்.

குச்சிக்கிழங்கு: சின்னசேலம் பக்கம் காடு காடாக விளைகிற மரவள்ளிதான். ‘க்ளூட்டன் இல்லாத பார்’ என்று இதைப் பச்சையாகத் துருவிப் போட்டுவிடாதீர்கள். பச்சைக் கிழங்கில் சயனைடை வெளிவிடும் லினமாரின் இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைக்கென்று பயிரிடும் கிழங்கில் அது கூடுதலாக இருக்கலாம். மெஷினில் காய்வதால் மட்டும் அது போய்விடாது. தோலையும் உள்தோலையும் உரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் கிழங்கு வாய்க்கு வரவேண்டும். கேரளத்தில் வாட்டுக் கப்பைக்கும் கிழங்கை முதலில் வெந்நீரில் வாட்டித்தான் காயப்போடுகிறார்கள்.

பூஞ்சை பிடித்த கடலை: சுருங்கியது, நிறம் மாறியது, கசக்கிறது என்றால் தூக்கிப் போடுங்கள். அதில் அஃப்ளாடாக்சின் இருக்கலாம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் உள்ள நஞ்சு இது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது.

தேன்: மலைத்தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். தேன் சேர்த்த பாரும் வேண்டாம். போட்டுலிசம் நோய் தரும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும்.

பொரிவிளங்காய் உருண்டைக்கு எல்லாவற்றையும் வறுத்தே அரைப்பார்கள். கடலை மிட்டாய்க்குப் பாகு கொதிக்கவேண்டும். ருசிக்காக என்று நாம் நினைக்கிற இந்த வறுவலும் கொதியும்தான் கிருமிக்கு வைத்த முதல் வேட்டு. பச்சை பார் அந்த ஒரு படியைத்தான் கழற்றிப் போடுகிறது.

மெஷினை எறிய வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்:

• சாமை, தினை, கடலை, எள்ளைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, வாசனை வரும் வரை நன்றாக வறுங்கள்.
• முளைகட்டியதை ஆவியில் வேகவைத்த பிறகே உலர்த்துங்கள். சூடு முதலில், உலர்த்தல் பிறகு.
• மெஷினை 60 டிகிரிக்கு மேல் வையுங்கள். பாதியில் கரண்ட் போய், மாவு ஈரமாக மணிக்கணக்கில் கிடந்தால் அந்த ஈடு குப்பைக்கு.
• பச்சைத் தேனுக்குப் பதிலாகக் கொதித்த வெல்லப்பாகு ஊற்றிப் பிடியுங்கள்.
• மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் இருந்தால் பூஞ்சை நிச்சயம். நடுவில் உடைத்துப் பாருங்கள். ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். மழைக்காலத்தில், அதுவும் மலையில், கொஞ்சமாகச் செய்து சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.
• அக்கம்பக்கத்தில் விற்பதாக இருந்தால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யாமல் ஆரம்பிக்காதீர்கள்.

கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், நாள்பட்ட நோயாளிகள் இருக்கும் வீட்டில் பச்சை பாரே வேண்டாம். தின்ற பிறகு ரத்தபேதி, அடங்காத வாந்தி, கடும் காய்ச்சல் கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மரவள்ளி சேர்ந்த பண்டம் தின்று தலைசுற்றலோ மூச்சுத்திணறலோ வந்தால், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மலைக்கு மேலே இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. ஆஸ்பத்திரிக்கு இறங்கிவரும் நேரமும் சேர்ந்துதான் கணக்கு.