புயல் 'கரையைக் கடந்தது' என்றால் ஆபத்து முடிந்ததா? ஃபெஞ்சல் பாதை சொல்வது என்ன?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு. 10.30 மணிக்கும் 11.30 மணிக்கும் இடையே ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததாக இந்திய வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. 'அப்பாடா, கடந்துடுச்சு' என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

மழை விடவில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கும் மேல், விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. புயல் தரையேறிய பிறகு நகரவே இல்லை, கிட்டத்தட்ட அதே இடத்தில் மணிக்கணக்கில் நின்றதுதான் காரணம்.

கடலில் இருக்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டரும் கணக்கிடப்படும் ஒரு புயலை எப்படிக் கண்காணிக்கிறார்கள்? செய்தியில் வரும் தூரம், வேகம், கோடு இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

நடுக்கடலில் மையம் எங்கே என்று எப்படித் தெரிகிறது?

அமெரிக்காவில் புயலுக்குள்ளேயே விமானத்தை ஓட்டிச் சென்று காற்றை அளக்கிறார்கள். வங்கக்கடலில் அப்படி வழக்கமான ஏற்பாடு கிடையாது. இங்கே முதல் கண் இன்சாட் செயற்கைக்கோள்கள்தான். மேகங்கள் எந்த வடிவில் சுருள்கின்றன, மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்து மையத்தையும் காற்றின் வேகத்தையும் நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். 'த்வொராக் முறை' என்று இதற்குப் பெயர். கவனிக்க வேண்டியது, இது மதிப்பீடு. நடுக்கடலில் யாரும் போய் நேரில் அளந்த எண் அல்ல. கடலில் மிதக்கும் அளவீட்டு மிதவைகளும் அந்தப் பக்கம் போகும் கப்பல்களும் தரும் தகவல் கொஞ்சம் கைகொடுக்கும்.

வலுவான புயலுக்குக் 'கண்' தெளிவாகத் தெரியும், மையத்தில் புள்ளி வைப்பது சுலபம். பலவீனமான புயல்தான் தலைவலி. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறினால், மேகக்கூட்டம் மையத்தை விட்டு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுவிடும். படத்தில் மேகம் ஒரு இடத்தில், உண்மையான மையம் இன்னொரு இடத்தில்!

கரையை நெருங்கியதும் டாப்ளர் ரேடார்கள் வேலையைத் தொடங்கும். சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ஆகிய இடங்களில் இவை உள்ளன. மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து மழை எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று இவை காட்டும். பூமி உருண்டை என்பதால் தூரம் கூடக்கூட ரேடார் கதிர் மேலே மேலே போய்விடும், கீழே நடப்பது தெரியாது. கடைசி 200, 300 கி.மீ.க்குள் வந்த பிறகுதான் படம் தெளிவாகும்.

'புயல் வரும்', 'வராது', மறுபடியும் 'வரும்'... ஏன் இந்தக் குழப்பம்?

ஃபெஞ்சல் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். நவம்பர் 27-ல் புயலாக மாறும் என்று கணிக்கப்பட்டது. மாறவில்லை. 28-ம் தேதி, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்றார்கள். 29-ம் தேதி பிற்பகலில் புயலாகி, சவூதி அரேபியா பரிந்துரைத்திருந்த 'ஃபெஞ்சல்' என்ற பெயரும் வந்துவிட்டது. வாட்ஸ்அப் குரூப்களில் மீம்கள் பறந்தன.

ஆனால் இந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால் இருப்பது காற்றின் வேகம் மட்டுமே. மணிக்கு 50 முதல் 61 கி.மீ. வரை என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 கி.மீ.யைத் தொட்டால் புயல். 89-க்கு மேல் தீவிரப் புயல். 61-க்கும் 62-க்கும் இடையே உங்கள் வீட்டு வாசலில் எந்த வித்தியாசமும் தெரியப்போவதில்லை.

இந்தப் பட்டியலில் மழைக்கு இடமே இல்லை என்பதுதான் முக்கியம். புயலாகக் கூட மாறாத நிலையிலேயே, இதே அமைப்பு இலங்கையின் கிழக்குப் பகுதியைக் கடும் வெள்ளத்தில் மூழ்கடித்திருந்தது. 'வெறும் தாழ்வு மண்டலம்தானே' என்று சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை.

அந்தக் கோட்டை நம்பலாமா?

வரைபடத்தில் புயலின் பாதை ஒரு கோடாகத் தெரியும். அதைச் சுற்றிப் போகப்போக அகலும் ஒரு கூம்பும் இருக்கும். பலர் கோட்டை மட்டும் பார்க்கிறார்கள். மையம் அந்தக் கூம்புக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். 24 மணி நேரத்துக்கு முன்பு சொல்லும் கணிப்பிலேயே சராசரியாக 70, 80 கி.மீ. விலகல் இருக்கும். சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் உள்ள தூரமே அதைவிடக் குறைவு. 'எங்க ஊருக்கு இல்லப்பா, பக்கத்து ஊருக்குத்தான்' என்று சொல்வது அவசரம்.

கூம்பு காட்டுவது மையத்தின் பாதையைத்தான். மழையும் காற்றும் அதற்கு வெளியே பல நூறு கி.மீ. தூரம் பரவும்.

'400 கி.மீ. தொலைவில், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில்' என்று கேட்டதும் வகுத்துப் பார்த்து 40 மணி நேரம் என்று முடிவு செய்வதும் சரிவராது. புயல் தானாக ஓடும் வண்டி அல்ல. சுற்றியுள்ள மேலடுக்குக் காற்றுதான் அதை இழுத்துப் போகிறது. அந்தக் காற்று வலுவிழந்தால் புயல் தயங்கும், நிற்கும், திரும்பக்கூட செய்யும். 2018-ல் கஜா புயல் நடுக்கடலில் ஒரு வட்டமே அடித்துவிட்டு வேதாரண்யம் பக்கம் போனது.

எந்தப் பக்கம் அதிக பாதிப்பு?

நம் பகுதியில் புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதனால் தமிழ்நாட்டுக் கரையை நோக்கி மேற்கே வரும் புயலுக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலிலிருந்து வீசும். ஈரத்தையும் அலையையும் சேர்த்துத் தள்ளும். தெற்கே உள்ள ஊர்களில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஆனால் அன்று மதியமே சென்னை விமான நிலையத்தை மூட வேண்டியிருந்தது.

மொபைல் சிக்னல் போய்விட்டாலும் ஒன்றைக் கவனிக்கலாம். காற்று உங்கள் முதுகில் படும்படி திரும்பி நின்றால், புயலின் மையம் ஏறக்குறைய உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். (வீட்டுக்குள் இருந்தபடி ஜன்னல் வழியாக மரம் சாயும் திசையைப் பார்த்தாலே போதும்.) பலத்த காற்று சட்டென்று ஓய்ந்தால் வெளியே ஓட வேண்டாம். அது புயலின் கண்ணாக இருக்கலாம். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னையில் அப்படித்தான் காற்று அடங்கியது. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடியும் அடித்தது.

கடந்த பிறகு எதைப் பார்க்க வேண்டும்?

கரையைக் கடப்பது என்றால் மையம் கடலிலிருந்து தரைக்கு வருவது. அவ்வளவுதான். கடல் நீராவி கிடைக்காமல் காற்று வலுவிழக்கும். ஏற்கெனவே சுமந்து வந்த ஈரம் எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்?

ஃபெஞ்சல் அதை உள்மாவட்டங்களில் கொட்டியது. டிசம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஒரு வீடு புதைந்தது, ஏழு பேர் இறந்தனர். கடலிலிருந்து சுமார் 140 கி.மீ. உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் மறுநாள் காலை வரை பதிவான மழை 50 செ.மீ. அந்தத் தண்ணீர் சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட, தென்பெண்ணை கரையோர ஊர்கள் விழுப்புரம், கடலூர் வரை மூழ்கின.

அதனால் 'கடந்தது' என்ற செய்தி வந்த பிறகும் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, புயல் நகர்கிறதா, நிற்கிறதா. வானிலை அறிக்கையில் 'கிட்டத்தட்ட நகராமல் உள்ளது' என்று இருந்தால் அந்தப் பகுதிக்கு மழை இன்னும் பாக்கி. இரண்டாவது, உங்கள் மாவட்டத்துக்கு மட்டுமல்ல, உங்கள் ஊர் ஆற்றுக்குத் தண்ணீர் வரும் மேல்மாவட்டத்துக்கு என்ன எச்சரிக்கை. மூன்றாவது, அணை திறப்பு அறிவிப்பு. சாத்தனூரில் திறந்தது அதிகாலை மூன்று மணிக்கு முன்பு. அந்த நேரத்தில் கரையோர ஊர்களில் பெரும்பாலானவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள்.