ஓட் ரூட் பனிச்சறுக்குப் பயணம்

ஓட் ரூட் என்பது பிரான்சு நாட்டின் சாமொனி நகரையும் சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரையும் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் உயர்ந்த பனியாறுகள், கணவாய்கள் ஊடாக இணைக்கும் பல நாள் பனிச்சறுக்கு வழியாகும். இதன் ஒரு முனையில் மோன் பிளாங்க் மலையும் (4,808 மீட்டர்) மறுமுனையில் மாட்டர்ஹோர்ன் மலையும் (4,478 மீட்டர்) உள்ளன. பயணிகள் பகலில் சறுக்குப்பலகைகளின் மீது ஏறியும் இறங்கியும் சென்று, இரவில் மலைக்குடில்களில் தங்குவர். இவ்வாறு குடிலுக்குக் குடில் செல்லும் பயணங்களுள் உலகில் மிகவும் அறியப்பட்டது இதுவே எனலாம். முழு வழியையும் கடக்கப் பொதுவாக ஆறு அல்லது ஏழு நாட்கள் ஆகும். தேர்ந்த பனிச்சறுக்காளர்களுக்கு மட்டுமே உரிய இப்பயணத்தைப் பெரும்பாலானோர் தகுதி பெற்ற மலை வழிகாட்டி ஒருவருடன் மேற்கொள்கின்றனர்.

பெயர்

'ஓட் ரூட்' என்னும் பிரெஞ்சுச் சொற்றொடருக்கு 'உயர் வழி' என்பது பொருள். 1860களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆல்பைன் கழகத்தைச் சேர்ந்த மலையேறிகள் இவ்வழியைக் கோடைக்கால நடைவழியாக வகுத்து, ஆங்கிலத்தில் இதே பொருள் தரும் பெயரை இட்டனர். பின்னர் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பே நிலைத்தது. பனியாறுகளைத் தவிர்த்து, தாழ்வான கணவாய்கள் வழியே கோடையில் நடந்து செல்வோருக்கான தனி வழி ஒன்றும் இதே பெயரால் அழைக்கப்படுகிறது. இக்கட்டுரை பனிச்சறுக்கு வழியைப் பற்றியது.

வரலாறு

பனிச்சறுக்கு ஆல்ப்ஸ் மலைகளில் பரவத் தொடங்கிய காலத்தில், 1903 ஆம் ஆண்டு, சாமொனியைச் சேர்ந்த சிலர் சறுக்குப்பலகைகளுடன் இவ்வழியைக் கடக்க முயன்றனர். 1911 சனவரியில் எஃப். எஃப். ரொஜே, மார்செல் குர்ஸ் ஆகியோர் வழிகாட்டிகளுடன் பூர்-சேன்-பியேர் என்னும் ஊரிலிருந்து செர்மாட் வரை பனிச்சறுக்கில் சென்றனர். ஓட் ரூட் பனிச்சறுக்கின் தொடக்கமாக இப்பயணம் கருதப்படுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது சுவிட்சர்லாந்துப் படையினர் தம் மலைப்படையின் திறனைச் சோதிக்க, செர்மாட்டிலிருந்து வெர்பியே வரை ஒரு போட்டியை 1943 இல் நடத்தினர். 'பனியாறுகளின் ரோந்து' என்று பொருள்படும் பெயர் கொண்ட இப்போட்டியில் வீரர்கள் மூவர் மூவராகச் செல்வர். 1949 இல் ஓர் அணியின் மூவரும் பனிப்பிளவு ஒன்றில் வீழ்ந்து இறந்ததால் போட்டி தடைசெய்யப்பட்டது. 1984 இல் அது மீண்டும் தொடங்கப்பட்டது.

வழித்தடம்

ஓட் ரூட் ஒரே கோடாக அமைந்த பாதை அன்று. பனியின் நிலை, வானிலை, குழுவின் வலிமை ஆகியவற்றுக்கேற்ப மாற்றிக்கொள்ளத்தக்க பல கிளைகளை உடையது. பரவலாகப் பயன்படும் வெர்பியே கிளையின் நிலைகள் பின்வருமாறு:

முதற்கட்டத்தில் சாமொனிப் பள்ளத்தாக்கிலிருந்து ஆர்ஜென்டியேர் பனியாற்றை அடைந்து, ஆர்ஜென்டியேர் குடிலில் (2,771 மீட்டர்) தங்குவர். நெடுங்காலம் கிரான் மோன்தே கம்பிவட ஊர்தியில் ஏறி, அங்கிருந்து பனியாற்றில் இறங்குவதே வழக்கமாக இருந்தது. 2018 செப்டம்பரில் அவ்வூர்தியின் இடைநிலையம் தீக்கிரையானபின் குழுக்கள் வேறு தொடக்கங்களை நாட வேண்டியதாயிற்று.

அடுத்து சார்டொனே கணவாயைக் (சுமார் 3,320 மீட்டர்) கடப்பர். இதன் மறுபக்கம் மிகச் செங்குத்தானது. பெரும்பாலும் கயிற்றின் துணையுடனேயே இறங்க வேண்டும். பின்னர் சலேனா இடுக்கு வழியாகத் திரியான் பனிமேட்டை அடைந்து, திரியான் குடிலில் (3,170 மீட்டர்) தங்குவர். அல்லது நேரே சாம்பே என்னும் ஊருக்கு இறங்குவர். சாம்பேயிலிருந்து வெர்பியேவுக்குச் சாலை வழியாகச் செல்வதே வழக்கம்.

வெர்பியேவிலிருந்து ஊர்திகளில் மேலேறி, ரோசாபிளான்ஷ் சிகரத்தை (3,336 மீட்டர்) ஒட்டிச் சென்று பிராஃப்ளூரி குடிலை அடைவர். மறுநாள் டிஸ் ஏரியின் ஓரமாகச் சறுக்கி டிஸ் குடிலுக்கு (2,928 மீட்டர்) ஏறுவர். இவ்வேரி, 285 மீட்டர் உயரமுள்ள கிரான் டிக்சான்ஸ் அணையின் நீர்த்தேக்கமாகும்.

டிஸ் குடிலிலிருந்து பின் தாரோலா சிகரத்தின் (சுமார் 3,790 மீட்டர்) மேலாக வின்யெட் குடிலுக்குச் (சுமார் 3,160 மீட்டர்) செல்வது வழியின் மிக உயர்ந்த பகுதியாகும். இச்சிகரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு.

இறுதி நாளே மிக நீண்டது. எவெக், மோன் புருலே, வல்பெலின் ஆகிய மூன்று கணவாய்களைக் கடந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்று, மாட்டர்ஹோர்னின் வடமுகத்தின் அடியில் சறுக்கிச் செர்மாட்டை (சுமார் 1,610 மீட்டர்) அடைவர். கடைசிக் கணவாயிலிருந்து ஊர் வரையிலான இறக்கம் மட்டும் ஏறத்தாழ 1,900 மீட்டர் ஆகும்.

வெர்பியேவைத் தவிர்த்து, பூர்-சேன்-பியேர், வல்சோரே குடில், சான்ரியோன் குடில் வழியாக வின்யெட்டை அடையும் கிளையும் உண்டு. 1911 பயணத்தின் தடத்தை நெருங்கியிருக்கும் இக்கிளை செங்குத்தான சரிவு ஒன்றைக் கொண்டிருப்பதால் கூடுதல் கடினமானது. உறைபனி உறுதியாக உள்ளபோது மட்டுமே ஏற்றது.

ஏறும் முறை

இவ்வழியில் பெரும்பாலான ஏற்றத்தைப் பயணிகள் தம் கால்களாலேயே கடக்கின்றனர். இதற்கென அமைந்த பிணைப்பிகள், ஏறும்போது காலணியின் முனையை மட்டும் பலகையுடன் பிணைத்து, குதிகாலை உயர்த்த இடமளிக்கின்றன. இறங்கும்போது குதிகாலும் பூட்டப்படும். பலகையின் அடியில் 'தோல்' எனப்படும் பட்டை ஒட்டப்படும். அதன் மயிர்கள் ஒரே திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கி வழுக்காது. முற்காலத்தில் இது கடல்நாயின் தோலால் செய்யப்பட்டதால் இப்பெயர் நிலைத்தது. இக்காலத்துப் பட்டைகள் நைலான் இழையாலோ மோகேர் ஆட்டு மயிராலோ இவ்விரண்டின் கலவையாலோ ஆனவை.

உறைந்து இறுகிய சரிவில் தோல் மட்டும் போதாது. அங்கே பலகையின் நடுவில் உலோகப் பற்கள் மாட்டப்படும். அதற்கும் மேற்பட்ட செங்குத்தில் பலகைகளைக் கழற்றி முதுகுப்பையில் கட்டிக்கொண்டு, காலணியில் முட்கட்டைகள் அணிந்து, பனிக்கோடரியுடன் ஏற வேண்டும்.

குடில்களும் நாளொழுங்கும்

வழியில் உள்ள குடில்கள் பல மலையேறும் கழகங்களுக்கு உரியவை, சில தனியாருடையவை. 1863 இல் நிறுவப்பட்ட சுவிட்சர்லாந்து ஆல்பைன் கழகம் மட்டும் சுமார் 150 குடில்களைக் கொண்டுள்ளது. ஏறத்தாழ மார்ச்சு நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் இறுதி வரையான பருவத்தில் இக்குடில்களில் காப்பாளர் இருந்து உணவு சமைப்பார். படுக்கைகள் பொதுக்கூடத்தில் வரிசையாக அமைந்திருக்கும். உணவுப்பொருட்கள் பெரும்பாலும் உலங்கூர்தியில் கொண்டுவரப்படுகின்றன. பல குடில்களில் பனியை உருக்கியே நீர் பெறப்படுவதால் குளிக்கும் வசதியை எதிர்பார்க்க இயலாது.

குடிலில் உணவும் போர்வையும் கிடைப்பதால் பயணி கூடாரமும் அடுப்பும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் இவ்வசதிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு இரவுக்கும் இடம் முன்பதிவு செய்யப்பட்டிருக்கும். ஒரு நாள் தாமதித்தால் அடுத்த குடில்கள் அனைத்திலும் இடம் தவறக்கூடும். ஊர் திரும்பும் பயணச்சீட்டும் நாள் குறிக்கப்பட்டிருக்கும். இதனால் 'இன்றே கடந்துவிட வேண்டும்' என்னும் உந்துதல் குழுவிடம் இயல்பாகவே தோன்றுகிறது.

நாள் விடியுமுன் தொடங்கும். இரவில் உறைந்த பனி காலையில் உறுதியாக இருக்கும். பனிப்பிளவுகளை மூடியுள்ள பனிப்பாலங்களும் அப்போது வலுவுள்ளவை. வெயில் ஏறியபின் பனி இளகி, ஈரப் பனிச்சரிவுகள் நிகழும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே நண்பகலிலோ அதன்பின் விரைவிலோ அடுத்த குடிலை அடைந்துவிடும் வகையில் நேரம் கணக்கிடப்படுகிறது. மணிக்கு 300 முதல் 400 மீட்டர் உயரம் ஏறுவது பொதுவான வேகம். குழுவின் வேகம் என்பது அதில் மெதுவானவரின் வேகமே.

தேவையான திறன்

'தேர்ந்த பனிச்சறுக்காளர்' என்னும் சொல் இங்கே வேகமாகச் சறுக்குபவரைக் குறிப்பதில்லை. சீர்செய்யப்பட்ட சறுக்குத்தளங்களில் சிறந்து விளங்குபவரும் இவ்வழியில் தடுமாறக்கூடும். முதுகில் பையுடன், பல மணி நேரம் ஏறிக் களைத்தபின், மேலே ஓடு போல் இறுகி உள்ளே இளகிய பனியிலும், காற்றால் அலையலையாக உறைந்த பனியிலும் விழாமல் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். செங்குத்துச் சரிவில் ஏறும்போது நின்ற இடத்திலேயே பலகையை மறுதிசைக்குத் திருப்பும் முறையும் இன்றியமையாதது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றத்தை அடுத்தடுத்த நாட்களில் தாங்கும் உடல்வலிமையும் தேவை.

வழிகாட்டி

சாமொனி வழிகாட்டிகள் கழகம் 1821 இல் தோன்றியது. பல நாடுகளின் வழிகாட்டிச் சங்கங்களை இணைக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1965 இல் உருவானது. அதன் சான்று பெறுவதற்குப் பாறையேற்றம், பனியேற்றம், பனிச்சறுக்கு, மீட்பு ஆகியவற்றில் பல ஆண்டுப் பயிற்சியும் தேர்வும் உண்டு. இத்தகைய பயணத்தில் ஒரு வழிகாட்டியுடன் பொதுவாக ஆறு பேர் வரை செல்வர்.

வழிகாட்டி தடம் காட்டுபவர் மட்டுமல்லர். பிளவுகள் நிறைந்த இடத்தில் குழுவைக் கயிற்றால் பிணைப்பதும், ஆபத்தான சரிவில் ஒருவர் ஒருவராக அனுப்புவதும், எங்கே நிற்பது என முடிவு செய்வதும் அவர் பணி. அவற்றுள் முதன்மையானது, மேலே செல்வதா, காத்திருப்பதா, திரும்புவதா என்ற முடிவாகும். டிஸ் குடிலிலிருந்து, இரும்பு ஏணிகள் பொருத்தப்பட்ட பா த ஷேவ்ர் கணவாய் வழியாக அரோலா ஊருக்கு இறங்க முடியும். வின்யெட்டிலிருந்தும் அரோலாவுக்கு வழி உண்டு. மோன் புருலே கணவாயைக் கடந்தபின் இத்தகைய எளிய வெளியேற்றம் இல்லை. எனவே கடைசி நாளின் முடிவு கணவாயில் எடுக்கப்படுவதன்று. வின்யெட் குடிலின் வாசலிலேயே எடுக்கப்பட வேண்டியது.

இடர்கள்

இவ்வழியின் முதன்மை இடர்கள் பனிச்சரிவு, பனிப்பிளவு, புயல் ஆகிய மூன்றாகும்.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில் நிகழ்கின்றன. டாவோசில் உள்ள ஆய்வு நிறுவனம் சுவிட்சர்லாந்துக்கான பனிச்சரிவு அறிக்கையைக் குளிர்காலத்தில் நாள்தோறும் வெளியிடுகிறது. அதில் ஆபத்து 1 முதல் 5 வரையான படிநிலைகளில் குறிக்கப்படும். பயணிகள் ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அலைபரப்பியை உடலோடு அணிந்து, தேடுகோலும் மண்வாரியும் வைத்திருப்பர். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தம் கருவியைப் பெறும் நிலைக்கு மாற்றி அவரைத் தேடுவர். புதைந்தவர் உயிர்பிழைக்கும் வாய்ப்பு முதற் பத்து நிமிடங்களுக்குப்பின் வேகமாகக் குறைகிறது. உலங்கூர்தி வருமுன் உடனிருப்பவர்களே தோண்டியெடுக்க வேண்டும் என்பதால் இக்கருவிகளில் முன்பயிற்சி கட்டாயமாகும்.

புயலின் ஆபத்து 2018 ஏப்ரல் இறுதியில் கொடுமையாக வெளிப்பட்டது. ஏப்ரல் 29 அன்று பின் தாரோலா பகுதியில் 14 பேர் கடும் புயலில் சிக்கினர். வானிலை கெடும் என்பது முன்னறிவிக்கப்பட்டிருந்தது. பார்வை முற்றிலும் மறைந்த நிலையில் அவர்கள் இரவைத் திறந்தவெளியிலேயே கழித்தனர். அவர்களுள் ஒரு வழிகாட்டி உட்பட 7 பேர் இறந்தனர். வின்யெட் குடில் அவர்கள் இருந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தொலைவிலேயே இருந்தது.

2024 மார்ச்சு 9 அன்று செர்மாட்டிலிருந்து அரோலா நோக்கிச் சென்ற 6 பேர் டேட் பிளான்ஷ் அருகே புயலில் காணாமற்போயினர். மறுநாள் ஐவரின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன.

காற்று வீசும்போது உடல் மிக விரைவாக வெப்பத்தை இழக்கிறது. கைவிரல்கள் மரத்தால் நிலப்படத்தை விரிக்கவோ கருவியின் பொத்தானை அழுத்தவோ முடியாது. குளிரில் மின்கலங்களும் வலுவிழக்கின்றன. குடில் அருகில் இருந்தும் அடைய முடியாமற்போவதற்கு இவையே காரணங்கள். வானிலை ஐயத்திற்குரிய நாளில் குடிலிலேயே தங்குவது, அல்லது பள்ளத்தாக்குக்கு இறங்கிச் சாலை வழியாக அடுத்த பகுதிக்குச் செல்வது, தோல்வியாகக் கருதப்படுவதில்லை. முழு வழியையும் இடையறாமல் முடிக்காமலேயே திரும்பும் குழுக்கள் பல.

காலநிலை மாற்றத்தின் தாக்கம்

சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளில் மட்டும் தம் பனிக்கட்டியின் கன அளவில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை இழந்தன. பனியாறு தாழும்போது, முன்பு அதன் மேற்பரப்பிலிருந்து எளிதாக ஏறக்கூடிய கணவாய், உதிர்கற்கள் நிறைந்த செங்குத்துச் சுவராகிறது. குளிர்காலப் பனி குறைந்த ஆண்டுகளில் பிளவுகளின் மேலுள்ள பனிப்பாலங்களும் மெலிந்திருக்கும். எனவே பழைய நூல்களிலும் நிலப்படங்களிலும் குறிக்கப்பட்ட தடத்தை அப்படியே பின்பற்ற இயலாது. பயணத்திற்கு முன் அவ்வாண்டின் நிலையைக் குடில் காப்பாளர்களிடமும் உள்ளூர் வழிகாட்டிகளிடமும் கேட்டறிவது வழக்கமாகும்.