சுயதொழில் செய்வோர் கார் வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா? வரிச்சலுகை யாருக்கு, எவ்வளவு?

புது டெல்லி: தனியார் நிறுவனத்தில் பணியாற்றும் நண்பர் 'கம்பெனி லீஸ்' முறையில் கார் எடுத்து வரியை மிச்சப்படுத்தியதைக் கேள்விப்பட்டு, சொந்தமாகத் தொழில் நடத்தும் மருத்துவரும் வழக்கறிஞரும் கட்டிட வடிவமைப்பாளரும் அதே வழியை யோசிப்பதுண்டு. ஆனால் அந்தச் சலுகை சம்பளத்தின் கட்டமைப்பிலிருந்து பிறப்பது. வாடகையை நிறுவனம் செலுத்துகிறது. ஊழியரின் வரிக்குரிய சம்பளம் குறைகிறது. சுயதொழிலில் முதலாளியும் ஊழியரும் ஒருவரே என்பதால் கணக்கு முற்றிலும் வேறு.

எனவே காரின் விலையைக் கேட்பதற்கு முன், வருமான வரிக் கணக்கை எந்த முறையில் தாக்கல் செய்கிறோம் என்று பார்ப்பதே முதல் வேலை.

உத்தேச வருமான முறை

வருமான வரிச் சட்டம் 1961-ன் 44ஏடிஏ பிரிவின்படி, மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டிட வடிவமைப்பு, கணக்கியல் உள்ளிட்ட குறிப்பிட்ட தொழில்களில் இருப்போர், ஆண்டு மொத்த வரவு ரூ.50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு ரூ.75 லட்சம். கணக்குப் புத்தகங்கள் வேண்டியதில்லை, தணிக்கையும் வேண்டியதில்லை.

இந்த முறையில் இருப்பவருக்குக் காரின் தேய்மானம், கடன் வட்டி, குத்தகை வாடகை ஆகியவற்றுக்குத் தனியாகக் கழிவு கிடையாது. மீதிப் பாதியில் அவை எல்லாம் கழிக்கப்பட்டுவிட்டதாகச் சட்டம் கருதுகிறது. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, ரூ.24 லட்சம் வரவுள்ள ஒருவர் ரூ.12 லட்சத்தை வருமானமாகக் காட்டினால், வேறு வருமானம் இல்லாத நிலையில், 87ஏ தள்ளுபடியால் அவருக்கு வரியே இல்லை. இல்லாத வரியை எந்தக் காரும் மிச்சப்படுத்தாது. விற்பனையாளரின் 'வரிச்சலுகை' பேச்சை இவர்கள் கேட்கவே தேவையில்லை.

காருக்காக மட்டும் இம்முறையைவிட்டு வெளியேறி 50 சதவீதத்துக்கும் குறைவான வருமானத்தைக் காட்டினால், வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டும் நிலையில் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயமாகிவிடும். வணிகர்களுக்கான 44ஏடி பிரிவில் நிபந்தனை இன்னும் கடுமை: இடையில் விலகினால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அந்த முறைக்குத் திரும்ப முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வருமான வரிச் சட்டம் 2025-ல் பிரிவு எண்கள் மாறுகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முழுக் கணக்கு வைப்போருக்கு

முறையான கணக்கு வைத்துத் தாக்கல் செய்வோருக்கு இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. சொந்தமாக வாங்கினால் கார் மதிப்பில் ஆண்டுக்கு 15 சதவீதம், குறையும் மதிப்பின் அடிப்படையில் தேய்மானம் உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான். கடனின் வட்டியும் செலவாகும்; அசல் ஆகாது. குத்தகையில் முழு வாடகையும் செலவு, ஆனால் தேய்மானம் உரிமையாளரான குத்தகை நிறுவனத்துக்கே சேரும். பதிவு வாடிக்கையாளர் பெயரில் இருந்தாலும் குத்தகை நிறுவனமே தேய்மானம் கோரலாம் என உச்ச நீதிமன்றம் ஐசிடிஎஸ் வழக்கில் 2013-ல் தீர்ப்பளித்தது.

ஓர் உதாரணக் கணக்கு. சாலை வரி உட்பட ரூ.12 லட்சம் விலையுள்ள கார், முன்பணம் ரூ.2 லட்சம்; மீதி ரூ.10 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன். மாதத் தவணை ஏறத்தாழ ரூ.20,760, மொத்த வட்டி ரூ.2.46 லட்சம். காப்பீடு, பராமரிப்புக்கு ஆண்டுக்கு ரூ.50,000 என்று கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் கையிலிருந்து போவது சுமார் ரூ.16.96 லட்சம். அதே காரைக் காப்பீடு, பராமரிப்பு உட்பட மாதம் ரூ.28,000 வாடகைக்கு எடுத்தால் ரூ.16.80 லட்சம். ஏறக்குறைய ஒரே தொகை.

வரியில் கழிக்கக்கூடியது, வாங்கியவருக்குத் தேய்மானம் ரூ.6.68 லட்சமும் மற்ற செலவுகளும் சேர்ந்து ரூ.11.63 லட்சம்; குத்தகைதாரருக்கு ரூ.16.80 லட்சம். வித்தியாசம் ரூ.5.17 லட்சம். கூடுதல் வரி இல்லாமல், 30 சதவீத வரம்பில் 4 சதவீத செஸ் சேர்த்தால் இதனால் மிச்சமாகும் வரி ரூ.1.61 லட்சம். காரில் கால் பங்கு குடும்பப் பயன்பாடு என்றால், அந்தப் பங்கைச் செலவில் சேர்க்க முடியாது, மிச்சம் ரூ.1.21 லட்சமாகச் சுருங்கும்.

ஐந்தாண்டு முடிவில் ஒருவரிடம் கார் நிற்கிறது. மற்றவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார். அந்தக் கார் ரூ.4 லட்சத்துக்கு விலைபோனாலும் வாங்கியவரின் கையே ஓங்கும். விற்கும்போது ஒரு சிக்கல் உண்டு. 15 சதவீதத் தொகுதியில் வேறு சொத்து எதுவும் இல்லாமல், கணக்கு மதிப்பைவிடக் குறைவாகக் கார் விற்றால், அந்த இழப்பு குறுகிய கால மூலதன இழப்பு. அதைத் தொழில் வருமானத்தில் ஈடுகட்ட இயலாது.

மின்சாரக் காருக்குத் தேய்மானம் 40 சதவீதம். ரூ.12 லட்சத்தில் முதல் மூன்று ஆண்டுகளிலேயே ரூ.9.4 லட்சம் கழிந்துவிடும் என்பதால், வரி நோக்கில் வாங்குவது வலுவாகிறது. மாறாக, பேட்டரியின் ஆயுளும் மறுவிற்பனை மதிப்பும் எப்படியிருக்கும் என்ற அச்சத்தைக் குத்தகை நிறுவனத்தின் தலையில் இறக்கிவைக்க விரும்புவோருக்குக் குத்தகை பொருந்தும். முன்பணத்தைத் தொழில் மூலதனமாகக் காப்பாற்ற வேண்டியவருக்கும், மூன்றாண்டுக்கு ஒருமுறை காரை மாற்றுபவருக்கும் அதுவே வசதி.

ஜிஎஸ்டியில் நிம்மதி இல்லை

ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் வாகனத்துக்கு உள்ளீட்டு வரி வரவு பொதுவாகக் கிடையாது. வாங்கினாலும் குத்தகைக்கு எடுத்தாலும் இதே நிலைதான். டாக்ஸி நடத்துவோர், வாகனம் ஓட்டக் கற்றுத்தருவோர் போன்ற சிலருக்கே விலக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18, பெரியவற்றுக்கு 40 சதவீதம் என வரி மாறியது. மின்சாரக் காருக்கு 5 சதவீதம். திரும்பக் கிடைக்காத இந்த வரியைக் காரின் அடக்க விலையில் சேர்த்துத் தேய்மானம் கோரலாம்.

குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், ஆண்டுக் கிலோமீட்டர் வரம்பு, இடையில் திருப்பிக் கொடுத்தால் அபராதம், திருப்பும்போது கீறல்களுக்கான கட்டணம் ஆகிய மூன்றையும் எழுத்தில் பார்க்க வேண்டும். வெள்ளை எண் பலகையா, வாடகை வாகனங்களுக்குரிய கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. எந்த வழியானாலும், தொழில் பயணங்களின் தேதி, இடம், கிலோமீட்டர் அடங்கிய குறிப்பேடு ஒன்றை முதல் நாளிலிருந்தே எழுதிவந்தால், செலவில் எவ்வளவு தொழிலுக்கானது என்று வரி அதிகாரி கேட்கும்போது காட்ட ஆதாரம் இருக்கும்.