தூக்கிப் போட்டதற்குத்தான் விலை

பரணிலிருந்து ஓர் ஆல்பம் இறங்குகிறது. தாத்தா சேர்த்தது. ஜார்ஜ் மன்னரின் தலை போட்ட ஸ்டாம்புகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. போனில் படம் பிடித்து, ஸ்டாம்ப் சேர்க்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்புகிறோம். கூடவே ஒரு கேள்வி: “எவ்வளவு போகும்?” பதில் பெரும்பாலும் சப்பென்று வரும்: “நல்லா இருக்கு. ஆனா எல்லார்கிட்டயும் இருக்கிறதுதான்.” தொண்ணூறு வருஷத்துப் பொருளை இப்படிச் சொல்கிறாரே, அடிமாட்டு விலைக்குக் கேட்கப் பார்க்கிறாரோ என்றுகூடத் தோன்றும். அப்படி இல்லை. டீ ஆறுவதற்குள், அவர் என்ன கணக்குப் போட்டார் என்று சேர்ந்தே பார்ப்போம்.

உலகின் முதல் அஞ்சல்தலையிலிருந்து தொடங்கலாம். 1840 மே 6 அன்று பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்த ‘பென்னி பிளாக்’. கறுப்பு மையில் விக்டோரியா மகாராணியின் பக்கவாட்டு முகம். ஒரு பென்னிக்கு இதை வாங்கி ஒட்டினால், அரை அவுன்ஸ் எடை வரை உள்ள கடிதம் நாட்டுக்குள் எங்கும் போகும். இதைவிடப் பழைய தலை கிடையாது. அப்படியென்றால் விலையிலும் இதுதானே முதலாவதாக இருக்க வேண்டும்? அதுதான் இல்லை. கொஞ்சம் அடிபட்ட பென்னி பிளாக் ஒன்றை, மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஆசைப்பட்டால் காசு சேர்த்து வாங்கிவிடலாம்.

காரணம், அச்சிட்டதே சுமார் 6.8 கோடி. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. அந்தக் காலத்தில் பலர் உறை வாங்குவதில்லை. எழுதிய தாளையே மடித்து, அதன் முதுகில் முகவரி எழுதித் தலையை ஒட்டிவிடுவார்கள். கடிதத்தை வைத்துக்கொண்டால் தலையும் கூடவே தங்கிவிடும். வங்கிகளும் வக்கீல் அலுவலகங்களும் வந்த கடிதங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்தன. அந்தக் கட்டுகள்தான் பிற்பாடு சேகரிப்பாளர்களுக்குப் புதையலாயின.

இப்போது பதினாறு வருஷம் தள்ளி, தென் அமெரிக்காவில் பிரிட்டனிடம் இருந்த கயானாவுக்குப் போவோம். 1856இல் லண்டனிலிருந்து வர வேண்டிய தலைகள் வந்து சேரவில்லை. உள்ளூர்ச் செய்தித்தாள் அச்சகத்திலேயே அவசரத்துக்குக் கொஞ்சம் அடித்துக்கொண்டார்கள். கள்ளத்தனம் நடக்கக்கூடாதென்று அஞ்சல் குமாஸ்தாக்கள் ஒவ்வொன்றிலும் கையால் இனிஷியல் போட்டார்கள். நான்கு சென்ட் தலை கடிதத்துக்கு. ஒரு சென்ட் தலை செய்தித்தாள் அனுப்புவதற்கு. கடிதத்தை வைத்துக்கொள்வார்கள். பழைய பேப்பரை யார் வைத்துக்கொள்வார்கள்? 1873இல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கையில் அந்த ஒரு சென்ட் தலைகளில் ஒன்று கிடைத்தது. சில ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். மூலைகள் வெட்டுப்பட்டு, கருஞ்சிவப்புத் தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்றே சரியாகத் தெரியாத அழுக்குத் துண்டு அது. உலகில் அந்த ஒன்றுதான் இருப்பதாகத் தெரிகிறது. 2014இல் நியூயார்க் ஏலத்தில் ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்குப் போனது.

நம் வீட்டுப் பெட்டியில் பாட்டியின் கல்யாணப் பட்டு இருக்கும். அவர் அன்றாடம் கட்டிய நூல் புடவை ஒன்றாவது இருக்கிறதா? கரித்துணியாகிப் போயிருக்கும். எல்லோரும் பத்திரப்படுத்தியது ஏராளமாக மிஞ்சுகிறது. யாரும் மதிக்காததுதான் அருகிப் போகிறது. ஆல்பத்தில் இருக்கும் ஜார்ஜ் மன்னர் தலைகள் பட்டுப்புடவை ரகம். தாத்தா மட்டுமா சேர்த்தார்? ஊருக்கு ஊர் பள்ளிக்கூடப் பையன்கள் அதையேதான் சேர்த்தார்கள்.

அதனால்தான் சேகரிப்பாளர், “ஆல்பம் இருக்கட்டும், பழைய கடிதக் கட்டு ஏதாவது இருக்கா?” என்று கேட்பார். இதைக் கேட்டதும் நாம் செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது. உறைகளைத் தேடி எடுத்து, தலையை மட்டும் அழகாகக் கத்தரித்து வைப்போம். ஐயோ, வேண்டாம். தலையோடு முழுதாக இருக்கும் உறையைத்தான் அவர்கள் ‘கவர்’ என்று தனியாகச் சேர்க்கிறார்கள். முத்திரையில் ஊரும் தேதியும் தெரிந்தால், நாலணாத் தலைகூடப் பேச ஆரம்பித்துவிடும். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பமென்றால் சங்கு போட்ட திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள் ஒட்டிய உறைகள் இருக்க வாய்ப்புண்டு. கன்னியாகுமரி மாவட்டப் பகுதி அந்தச் சமஸ்தானத்தில் இருந்தது. அதன் ‘அஞ்சல்’ தனித் தபால் சேவையாக 1951 வரை நடந்தது.

ஒரே தலையிலும் தரம் உண்டு. பென்னி பிளாக்குக்குப் பல்விளிம்பு கிடையாது. 240 தலை கொண்ட தாளைக் கத்தரியால் வெட்டித்தான் விற்றார்கள். அவசரமாக வெட்டியதில் பலவற்றுக்கு ஓரம் போய்விட்டது. நாலு பக்கமும் ஓரம் இருந்தால் விலை வேறு. பதினொன்றாம் அச்சுத் தகட்டில் அடித்ததென்றால் அது இன்னும் வேறு; சிவப்புத் தலைக்கென்று செய்த தகடு அது, கறுப்பில் கொஞ்சம்தான் அடித்தார்கள். 1841இல் நிறத்தையே சிவப்புக்கு மாற்றிவிட்டார்கள். கறுப்பின் மேல் குத்திய சிவப்பு முத்திரையைச் சிலர் அழித்துவிட்டு, அதே தலையை மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தார்களாம்! மனிதர்கள் எந்த ஊரிலும் மனிதர்கள்தான்.

நாணயம், தீப்பெட்டிப் படம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். செம்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் காட்டினால், பார்ப்பவர் முகம் வாடும்; வருஷக்கணக்கில் படிந்த நிறம் போனால் திரும்பாது. சிவகாசித் தீப்பெட்டிப் படங்களைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ஏனென்று இப்போது உங்களுக்கே தெரியும்.

அடுத்த முறை படம் அனுப்பும்போது விலையைக் கேட்காமல், “இதில் என்ன பார்க்கணும்?” என்று கேளுங்கள், நண்பர் உற்சாகமாகிவிடுவார். தலையென்றால் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். கிழிசலும், ஒட்டிய பசையும், ஒட்டுப்போட்ட இடமும் அங்கேதான் தெரியும். உறையென்றால் பின்பக்கம் இன்னும் முக்கியம். போய்ச் சேர்ந்த ஊர் அலுவலகமும் அங்கே ஒரு முத்திரை குத்தியிருக்கும். முன்பக்கத் தேதியோடு வைத்துப் பார்த்தால், அந்தக் கடிதம் எத்தனை நாள் பயணம் செய்தது என்று எண்ணிவிடலாம்.