யாருக்காகக் கத்துவது? இலங்கை – கம்போடியா ஆட்டமும் யாழ்ப்பாணத்து இரசிகனும்

2024 செப்ரெம்பர் 5ஆம் திகதி கொழும்பில் நடந்த இலங்கை – கம்போடியா உதைபந்தாட்டம் கோல் எதுவுமின்றிச் சமநிலையில் முடிந்தது. இரண்டாவது ஆட்டம் ஐந்து நாள் கழித்து, 10ஆம் திகதி புனோம் பென்னில். அந்த ஐந்து நாட்களும் எங்கள் ஒழுங்கையில் உள்ள தேநீர்க்கடையில் இரண்டு கேள்விகள்தான் ஓடின. ஒன்று, 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் யாருக்குப் புள்ளடி போடுவது? தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சங்குச் சின்னச் சுவரொட்டி கடைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. மற்றது, அதைவிடச் சிறிய கேள்வி: இந்த ஆட்டத்தில் நாங்கள் யார் பக்கம்?

இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இதில் எழுதுகிறேன். வெளியில் உள்ளவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. சொந்த நாட்டு அணிக்குத்தானே கத்துவார்கள்? ஆனால் போரைக் கண்ட எங்களில் பலருக்கு அது அவ்வளவு நேர்கோடாக வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதையும், அந்த இரவில் எனக்கு என்ன நடந்தது என்பதையும் விளக்க முயல்கிறேன்.

முதலில், அந்த ஆட்டம் என்ன ஆட்டம்? 2027இல் சவூதி அரேபியாவில் நடக்கும் ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்று 2026 உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுடன் இணைக்கப்பட்டிருந்தது. 2023 ஒக்ரோபரில் நடந்த முதற் சுற்றில் இலங்கை யேமனிடம் தோற்றது. ஓர் ஆட்டம் 0–3 தோல்வி, மற்றது 1–1 சமநிலை. அப்படித் தோற்ற அணிகளுக்குக் கொடுக்கப்பட்ட மறுவாய்ப்புத்தான் இந்த இரண்டு ஆட்டங்கள். இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்த்து, வென்ற அணி 24 அணிகள் கொண்ட மூன்றாம் சுற்றுக்குப் போகும். அங்கே நான்கு அணிகள் கொண்ட ஆறு குழுக்கள். குழுவில் முதலாவதாக வரும் அணிக்கு மட்டும் சவூதிக்குப் பயணம்.

இலங்கை ஆசியக் கிண்ணத்துக்கு ஒருபோதும் தகுதி பெற்றதில்லை. அந்த நேரம் பீபாவின் தரவரிசையில் 200க்கும் கீழே கிடந்தது. 2023 ஜனவரியில் சம்மேளனத்தையே பீபா இடைநிறுத்தியது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில்தான் தடை நீங்கியது. இப்படிப்பட்ட அணிக்கு மூன்றாம் சுற்று என்றால், கிண்ணத்தை விடுங்கள், உறுதியான ஆறு போட்டி ஆட்டங்கள். தோற்றால் அந்த ஆறும் இல்லை. இளம் வீரன் ஒருவனுக்கு அது இரண்டு வருட இழப்பு.

கடையில் ஒரு சந்தேகமும் எழுந்தது. கொழும்பில் 0–0; புனோம் பென்னில் 1–1 என்று முடிந்தால் வெளியூர்க் கோல் கணக்கில் இலங்கை வென்றதாகுமா? முன்பு பல போட்டிகளில் அந்த விதி இருந்தது. இங்கே இல்லை. கூட்டுத்தொகை சமமானால் மேலதிக நேரம். அதுவும் சமமானால் சமநிலை தவிர்ப்பு உதை. இதை நான் விளக்கி முடித்ததும், லீக் ஆட்டங்களில் பல வருடம் கோல் காத்த அண்ணை ஒருவர் கேட்டார்: "அது சரி தம்பி, நீ ஆற்ற பக்கம்?"

ஊர் ஆட்டத்தில் இந்தக் கேள்வியே வராது. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், பாசையூர் சென். அன்ரனிஸ், இளவாலை யங் ஹென்றிஸ் என்று குடாநாட்டுக் கழகங்களின் பெயரைச் சொன்னாலே சொல்லுகிறவரின் கோயில், கடற்கரை, மச்சான்மார் எல்லாம் தெரிந்துவிடும். பக்கத்து ஊருடன் இறுதியாட்டம் என்றால் இரண்டு நாளைக்கு முன்பே கதை நின்றுபோகும், ஆட்டம் முடிந்து இரண்டு நாளில் திரும்ப வரும். அங்கே எதிரணி யார் என்பது பிறப்பிலேயே தீர்மானமான விஷயம். தேசிய அணி என்று வரும்போதுதான் குரல் தொண்டையில் நின்றுவிடுகிறது.

அதற்கு ஒரு காரணம் காலக்கணக்கில் இருக்கிறது. இலங்கை உதைபந்தாட்டத்தின் மிகப் பெரிய வெற்றி 1995 ஏப்ரல் 2ஆம் திகதி கிடைத்தது. தெற்காசியத் தங்கக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில், கொழும்பில், இந்தியாவை 1–0 என்று வென்றார்கள். அந்த நாட்கள் எங்களுக்கும் நினைவிருக்கும். சந்திரிகா அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்தம் ஜனவரியில் தொடங்கியிருந்தது. கிண்ணம் வென்று 17 நாளில், ஏப்ரல் 19இல், அது முறிந்தது. ஒக்ரோபர் 30இல் நாங்கள் மூட்டை முடிச்சுகளுடன் செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தோம். கொழும்பில் 1995 என்றால் கிண்ணம் வென்ற வருடம். எங்களுக்கு அது இடம்பெயர்ந்த வருடம். அந்த வெற்றியை எங்கள் வீடுகளில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கவில்லை.

மைதானமும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்தில் பெரிய ஆட்டம் என்றால் துரையப்பா விளையாட்டரங்குதான். அது 1975இல் சுட்டுக் கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது. 1999இல் புனரமைப்புக்காக அங்கே நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 2016 ஜூனில் இந்திய உதவியுடன் திருத்தப்பட்டுத் திரும்பத் திறக்கப்பட்டது. இன்று அங்கே பின்னேரங்களில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், அது சந்தோசம். ஆனால் அந்தப் புல்லுக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரிந்த தலைமுறை பார்வையாளர் பக்கத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது காரணம், உணர்வை விட்டுவிட்டுப் பார்த்தாலும் நிற்கிற ஒன்று: பாதை. 2021இல் தொழில்முறைப் போட்டியாகத் தொடங்கப்பட்ட சுப்பர் லீக்கில் பத்துக் கழகங்கள் ஆடின. வடக்கு கிழக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. அந்தப் பத்தில் மூன்று முப்படைகளின் கழகங்கள்: இராணுவத்தின் டிபென்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ். தென்னிலங்கையில் ஏழை வீட்டுத் திறமைசாலிப் பையனுக்குப் படைக் கழகம் ஒரு வழி. சம்பளம், சாப்பாடு, பயிற்சி, வயது போனால் ஓய்வூதியம் எல்லாம் கிடைக்கும். குருநகர்ப் பையனிடமோ மயிலிட்டிப் பையனிடமோ அந்தக் கதவைக் காட்டிப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்ட மாமனின் படம் மாட்டிய வீட்டிலிருந்து அவன் எந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போவான்?

அதையும் தாண்டிப் போனவர்கள் உண்டு. மன்னாரிலிருந்து தேசிய அணிவரை சென்ற டக்சன் பியூஸ்லஸை எல்லோருக்கும் தெரியும். 2022 பெப்ரவரியில் அவர் மாலைதீவில் இறந்த செய்தி வந்தபோது, உதைபந்தையே தொடாதவர்களும் இங்கே கலங்கினார்கள். ஒருவனைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம் என்றால், அவனைப் போல மேலே போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால்தான்.

இத்தனைக்கும் நடுவில், சில வருடங்களாக ஒரு புது விஷயம் நடந்து வருகிறது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் இலங்கைச் சட்டையில் ஆடியவர்களின் பெயர்களைப் பாருங்கள். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன். ஜேசன் தயாபரன். பரத் சுரேஷ். குடாநாட்டிலிருந்து அணிக்குப் போவதற்கு வழி இல்லை. ஆனால் ஐரோப்பாவைச் சுற்றி ஒரு வழி திறந்திருக்கிறது.

அது எப்படி என்று கடையில் பலர் கேட்டார்கள். பீபாவின் விதி இதுதான்: ஒரு நாட்டுக்கு ஆட அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். குடியுரிமையைப் பிறகு பெற்றவர் என்றால், அவரோ, தாய் தந்தையோ, பாட்டன் பாட்டியோ அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே நீண்டகாலம் வாழ்ந்திருக்க வேண்டும். ஆக, தாய் தந்தை இங்கே பிறந்தவர்கள் என்பதற்கு ஒரு பிறப்புப் பத்திரமும், கையில் இலங்கைக் கடவுச்சீட்டும் வேண்டும்.

இங்கேதான் எனக்கு மூச்சு ஒருகணம் நின்றது. 1983க்குப் பிறகு வெளியேறியவர்களில் எத்தனை பேர் அந்தக் கடவுச்சீட்டைப் பயணப் பாதையில் கிழித்தெறிந்தார்கள்? இலங்கைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெறுகிறவர் இந்த நாட்டின் குடியுரிமையை இழக்கிறார். அதைத் தக்கவைக்க அல்லது திரும்பப் பெற 1987இலிருந்து இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அகதி விசாரணையில் "அங்கே திரும்பிப் போக முடியாது" என்று சொல்லித் தங்கிய ஒரு தகப்பனின் மகன், பந்து விளையாடுவதற்காக அதே நாட்டின் கடவுச்சீட்டைக் கையில் வாங்குகிறான். அந்த வீட்டில் அன்று என்ன பேச்சு நடந்திருக்கும்?

வேறு பாதை எடுத்த புலம்பெயர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பீபாவில் இடமில்லாத மக்களுக்கான போட்டிகளில் தமிழீழ அணி என்ற பெயரில் ஆடியவர்கள் அவர்கள்: 2012இல் ஈராக்கின் குர்திஸ்தானில், 2014இல் சுவீடனின் ஒஸ்டர்சுண்டில், 2018இல் இலண்டனில். ஒரே ஊரிலிருந்து போன இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு சட்டைகளில் ஆடக்கூடும். இதில் ஒருவனைத் துரோகி என்றும் மற்றவனைத் தீவிரவாதி என்றும் எழுதுவதற்கு முகநூலில் ஆள் குறைவில்லை. இருபது வயதில் ஆட ஓர் அணியும் ஆட்டமும் தேடுகிற பையனிடம் நாங்கள் கேட்கக்கூடிய கேள்வி அதுதானா?

எதிரணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்போடியா எங்களுக்குப் பகை நாடு அல்ல. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் தன் மக்களில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேரை இழந்த நாடு அது. அண்மையில் ஜப்பானின் கெய்சுகே ஹொண்டா வந்து நான்கைந்து வருடம் அந்த அணியை வழிநடத்தினார். புனோம் பென்னுக்கு உதைபந்தாட்ட வரலாற்றில் இன்னொரு இடமும் உண்டு. 1966 உலகக் கிண்ணத்துக்குப் போவது வடகொரியாவா அவுஸ்திரேலியாவா என்று தீர்மானிக்கும் இரண்டு ஆட்டங்கள் 1965 நவம்பரில் நடுநிலை மைதானமாக அங்கே நடந்தன. அப்போதைய ஆட்சியாளர் சிஹானூக், பார்வையாளர்களில் பாதிப்பேர் ஒரு பக்கத்துக்கும் மீதிப்பேர் மறு பக்கத்துக்கும் கத்த வேண்டும் என்று ஏற்பாடு செய்தாராம். வடகொரியா 6–1, 3–1 என்று இரண்டிலும் வென்று, மறுவருடம் இங்கிலாந்தில் இத்தாலியையும் வீழ்த்தியது. இந்தக் கதையைச் சொன்னபோது கடையில் சிரிப்பு. "அவங்களுக்கு ஆக்களைப் பாதி பாதியாப் பிரிச்சது. எங்களுக்கு ஆளுக்குள்ளேயே பாதி பாதி" என்றார் அண்ணை.

10ஆம் திகதி ஒரு தொலைபேசியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தோம். நான் நடுநிலையாகப் பார்ப்பது என்று மனதுக்குள் தீர்மானித்திருந்தேன். ஊடகக் கல்வி படித்தவனுக்கு அது பழக்கமான வேடம். மேலதிக நேரத்தின் பின்னும் 2–2. சமநிலை தவிர்ப்பு உதை வந்தது. படம் இடையிடையே உறைந்தது. உறைந்த ஒவ்வொரு முறையும் நான்தான் முதலில் திட்டினேன். 4–2 என்று இலங்கை வென்றபோது எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

பிறகு ஒரு சின்ன மௌனம். ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாரும் கொடியைப் பற்றிப் பேசவில்லை. நான் எதற்காகக் கத்தினேன் என்று அன்றிரவு நீண்டநேரம் யோசித்தேன். கொடிக்காக அல்ல. கடைசியிலிருந்து எண்ணினால் உடனே வந்துவிடுகிற ஓர் அணி, பிறத்தியார் மண்ணில், களைத்த காலுடன் தாக்குப்பிடித்ததற்காக. அதைப் பார்த்து வாய் திறக்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை. ஆனால் அந்தக் கத்தலை நல்லிணக்கம் என்று யாராவது கணக்கில் எழுதினால் மறுப்பேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் நாட்டில், ஒரு பந்து வலைக்குள் போனதால் எதுவும் தீர்ந்துவிடாது. இரசிகனின் சந்தோசம் ஒரு பக்கம், குடிமகனின் கேள்வி இன்னொரு பக்கம். ஒன்றை வைத்து மற்றதை அழிக்கத் தேவையில்லை என்பதுதான் அந்த ஐந்து நாட்களில் நான் கண்டது.

உதைபந்துக்குள்ளேயே தீர்க்கக்கூடியவையும் உண்டு. முதல்தர லீக்கில் வடக்கு கிழக்குக் கழகங்களுக்கு இடம். படைகளில் சேராமலே ஒரு பையன் விளையாடிச் சம்பளம் பெறக்கூடிய வழி. தெரிவாளர்கள் கொழும்பில் இருந்துகொண்டு பெயர் கேட்பதற்குப் பதிலாகப் பாசையூருக்கும் இளவாலைக்கும் வந்து பார்ப்பது. இவற்றுக்கு அரசியல் தீர்வு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அந்த வெற்றியோடு இலங்கை தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தைபே அணிகள் உள்ள குழுவுக்குள் போனது. ஆட்டங்கள் வந்தன, நாங்களும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அணிப் பட்டியல் வெளியானதும் நான் தொலைபேசியில் பெயர்களை வாசிப்பேன். அண்ணை ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில் அதே கேள்வியைக் கேட்பார்.

"எல்லாம் சரி தம்பி. துரையப்பாவில விளையாடின பெடியன் ஆரும் இருக்கிறானோ?"