குளிரை எண்ணும் மொட்டு

கனடாவின் ஒண்டாரியோவில், பனி மூடிய தோட்டத்தின் முன் நின்று வசந்த காலத்தின் வருகையை எதிர்நோக்கும் தோட்டக்காரருக்கு, டிசம்பரில் இரண்டொரு நாள் இளவெயில் அடித்தும் ஆப்பிள் மரம் துளிர்க்காதது ஏன் என்ற சந்தேகம் எழுவது இயற்கையே. மொட்டு மரித்துவிடவில்லை, நித்திரையில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் மொட்டினுள் சேரும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துகிறது; ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையான குளிரில், பல வகைகளுக்குச் சுமார் 1,000 மணி நேரம் கழிந்த பின்னரே, அதன் ஆதிக்கம் தளர்ந்து, வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரெல்லின் மேலோங்குகிறது. அதன்பின்னும் வெப்பம் தொடர்ந்து சேர்ந்தாலன்றி மொட்டு விரியாது. அகாலத்தில் விழிக்கும் துளிர் அடுத்த உறைபனியில் கருகிவிடும். ஆகவே, நம் பொறுமையைச் சோதிக்கும் அந்த நீண்ட குளிர்காலமே வசந்தத்தின் மலர்ச்சிக்கு இன்றியமையாத ஆயத்தமாகும்.