சேரிப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் எப்போது வருவார்?

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர பிளஸ் 2 தேர்ச்சி மட்டும் போதாது. உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். பட்டியல் சாதியினருக்கு அங்கே 18 சதவீத இடம் உண்டு, அருந்ததியருக்கான 3 சதவீதம் அதற்குள் அடக்கம். இடம் இருக்கிறது, சரி. பன்னிரண்டு ஆண்டு படிப்பில் ஒரு நாள்கூட ஓவிய வகுப்பைப் பார்க்காத பிள்ளை, தனியாகப் பணம் கட்டிப் பயிற்சி பெற்ற பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்து என்ன வரையும்?

வகுப்பு ஏன் இல்லை என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலைக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் கட்டாயம். தமிழகத்தில் 2012-ல் மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். ஆனால் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் பலவற்றின் வருகைப் பதிவேட்டில் நூறு பெயர் தேறாது. ஊர்த் தெருப் பிள்ளைகள் அங்கே காலடி வைப்பதில்லை. கொஞ்சம் வசதி வந்த சேரிக் குடும்பமும் பிள்ளையை வேனில் ஏற்றி வெளியே அனுப்பிவிடுகிறது. எண்ணிக்கையைக் குறைத்தது சாதி. நஷ்டம் மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல காரியம்தான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பள்ளிப் பிள்ளை மேடை ஏறுவதற்கு முன்பே தோற்றுவிடுகிறது.

தஞ்சை மாவட்டத்தில் இந்த நிலை இருக்கவே கூடாது. 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. திருவையாறு அரசு இசைக் கல்லூரியும் கும்பகோணம் கல்லூரியும் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. போதாததற்கு, மத்திய அரசின் தென்னகப் பண்பாட்டு மையமும் இங்கேதான்.

கல்லூரிகள் கிராமத்துக்கு வராமல் இல்லை. ஒரு நாள் முகாம், ஒரு பேனர், ஆளுக்கொரு கலர் பென்சில் பெட்டி, குழுவாக ஒரு போட்டோ. அடுத்த வருஷம் வேறு கிராமம். தேவை இதுவல்ல. வாரம் ஒரு மதியம், ஆண்டு முழுக்க என்று பல்கலைக்கழகமும் பள்ளியும் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். வந்து கற்பிக்கும் கல்லூரி மாணவருக்கு அது பாடமாகக் கணக்கில் வர வேண்டும். மதிப்பெண் உண்டு என்றால்தான் ஐப்பசி மழையிலும் வருவார்!

இன்னொன்று. சேரிக்குக் கலையைக் 'கொண்டுவருகிறோம்' என்கிறார்கள். அங்கே ஏற்கெனவே கலைஞர்கள் இருக்கிறார்கள். அலங்காநல்லூர் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கலைஞர்களைக் கல்வி நிறுவனங்களில் அமர்த்திக்கொள்ள யுஜிசி 2023-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த அனுபவப் பேராசிரியர் திட்டத்திலும் பட்டம் கட்டாயமில்லை. ஆகவே உள்ளூர் ஆசானைப் பல்கலைக்கழகமே சம்பளம் கொடுத்து அமர்த்தி, மாணவர்களோடு பள்ளிக்கு அனுப்பலாம். சான்றிதழில் அவர் பெயரும் இருக்கட்டும்.

அதற்காக, சேரிப் பிள்ளை என்றாலே கையில் பறையைத் திணிப்பதும் தவறு. சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்டவர்களின் குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் அந்த மறுப்பை ஓர் இயக்கமாகவே நடத்தினார். பின்னால் வந்தவர்கள் அதே பறையை விடுதலையின் இசையாக மீட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியது பிள்ளையும் பெற்றோரும். வயலின் கேட்டால் வயலின் கற்றுத்தர வேண்டும். பறை என்றால் ஊர்த் தெருப் பிள்ளையும் சேர்ந்து கற்கட்டும்.

யார் தொடங்குவது? ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு, கல்லூரி முதல்வருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அனுப்பலாம். நகல் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு. என்ன கிழமை, எத்தனை வாரம், வருபவர்களுக்கு பஸ் கட்டணம் யார் தருவது என்ற மூன்றையும் தீர்மானத்திலேயே எழுதிக் கேளுங்கள்.